சம்பந்தியம்மாவுக்கு விழுந்த ஆறுகள்

தச்சக்காவுக்கு அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. நாள் முழுக்க மரத்தோடு மல்லுக்கட்டுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெருவே கூடி முடிவுகட்டியதுபோல, பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் தச்சக்காதான். கட்டிய கணவர்கூட வெளியாள் முன்னால் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார்.

சைக்கிள் கடைக்குப் பின்னால், ஒரு ஜன்னலும் ஒன்றரைக் கதவும் உள்ள அறைதான் அவளுடைய பட்டறை. மீதி அரைக் கதவு என்ன ஆயிற்று என்று கேட்டால், சுவரில் உளிகள் வரிசையாக மாட்டியிருக்கும் பலகையைக் காட்டுவாள். முன்பு நாற்காலிக்குக் கால் மாட்டுவது, அலமாரிக்குப் பிடி செய்வது என்று கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் ஒருவர் வந்து, விளையாட்டுப் பெட்டியில் இருந்த பகடை தொலைந்துபோயிற்று, ஒன்று செய்து தர முடியுமா என்றார். காலடியில் கிடந்த தேக்குத் துண்டை எடுத்து அரை நாளில் செய்து கொடுத்தாள். அவர் அதை உள்ளங்கையில் போட்டு உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டே போனார். மறுவாரம் நண்பர்கள் மூன்று பேரோடு திரும்பி வந்தார். அதோடு நாற்காலிக்கால் வேலை போன இடம் தெரியவில்லை.

இப்போது பட்டறையில் பெட்டி பெட்டியாகக் கட்டைகள். கப்பலேறி வந்த கருங்காலி. அறுத்த அன்று பழுப்பாக இருந்து, வெளிச்சம் பட்டதும் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறுகிற ஊதாக்கட்டை. வரிக்குதிரைபோல் கோடு போட்ட ஒன்று. அவற்றுக்குப் பக்கத்திலேயே உடைந்த மேசையின் தேக்குக் கால், பழப்பெட்டிப் பலகை, காற்றில் முறிந்து விழுந்த மாங்கிளை. அரிய மரம், தெருவில் பொறுக்கிய மரம் என்ற பேதமெல்லாம் அவளிடம் கிடையாது. "உருள்றப்ப எல்லாம் ஒண்ணுதான்" என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. புள்ளிகளை அவள் குழியாக விடமாட்டாள். குழி தோண்டி, வெளிர்மரத்தில் செதுக்கிய பொட்டுகளை அதில் அறைந்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, மெழுகு போட்டு மினுக்கிவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது மரம், எது புள்ளி என்று விரலுக்குத் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் அந்தப் பகடைக்கு மறுபடியும் உப்புத்தாள்தான்.

மகளுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் என்றால் கப்பல் ஆட்டம். சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரு பலகை, அதில் வரிசை வரிசையாகத் துளைகள். துளைக்குத் துளை குச்சிக் கப்பல்களை நகர்த்திக்கொண்டு போய்த் துறைமுகம் சேர்க்க வேண்டும். இரண்டு பகடை. ஆறு விழுந்தால்தான் புதுக் கப்பல் கிளம்பும், கூடவே இன்னொரு உருட்டும் உண்டு. இப்படி ஒரு வீட்டுக்குப் பெண் கொடுத்துவிட்டு வேறு என்ன சீர் கொடுப்பது. கருங்காலியில் ஒன்று, ஊதாக்கட்டையில் ஒன்று என்று இரண்டு பகடைகளைத் தன் கையாலேயே செய்து, வெல்வெட் பையில் போட்டுக் கொடுத்தாள் தச்சக்கா. அவற்றின் வழவழப்பைச் சொல்லி மாளாது.

சம்பந்தியம்மாவுக்குக் கண் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாத விஷயமல்ல. ஐந்து வருடத்துக்கு முன் வந்த ஒரு நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டன. பலகையில் துளையும் குச்சியும் இருந்ததால் கப்பல்களை அந்தம்மா விரலாலேயே பார்த்துக்கொள்வார். பகடையை மட்டும் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். இதெல்லாம் தெரிந்தும், பகடை செய்தபோது தச்சக்காவுக்கு அந்த நினைப்பே எழவில்லை. கர்வம் கண்ணை மறைத்துவிட்டது என்று பின்னால் அவளே சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பட்டறை வாசலில் வெள்ளைக் கோல் தட்டும் சத்தம் கேட்டது. சம்பந்தியம்மாவும் அவருடைய தம்பியும் நின்றிருந்தார்கள். தம்பி பேருந்து ஓட்டுநர். சீருடையில் இருந்தார்.

"அக்காவை ரெண்டு மணி நேரம் பாத்துக்கங்க. ஒரு நடை போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, தச்சக்காவின் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

தச்சக்கா முக்காலியைத் துடைத்துப் போட்டாள். சம்பந்தியம்மா உட்கார்ந்து, மரத்தூள் வாசனையை ஒருமுறை ஆழமாக இழுத்துவிட்டு, கைப்பையிலிருந்து வெல்வெட் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நீதிமன்றத்தில் முப்பது வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். உட்காரும்போதுகூட முதுகு வளையாது.

"சம்பந்தி, மனசுல ஒண்ணு வச்சு வெளியில ஒண்ணு பேச எனக்கு வராது. உங்க பகடை சரியில்ல."

தச்சக்கா கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தாள். "என்ன சரியில்ல?"

"போன நாலு சனிக்கிழமைல நான் உருட்டினது நூத்தி ஆறு தடவை. ரெண்டு பகடைன்னா இருநூத்திப் பன்னெண்டு. அதுல ஆறு விழுந்தது எழுபத்தொம்பது. நியாயமா முப்பத்தஞ்சு விழணும். சரி, அதிர்ஷ்டம்னு வச்சாலும் ஒரு நாப்பத்தஞ்சு."

"எல்லாத்தையும் எண்ணுனீங்களா?"

"எண்ணல. ஞாபகம் இருக்கு. முப்பது வருஷம் அடுத்தவங்க பேசினதைக் காதுல வாங்கி வாங்கி, எது விழுந்தாலும் வெளிய போக மாட்டேங்குது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஜெயிக்கறது நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் ஜெயிக்கற மாதிரி இல்ல, உங்க மரம் ஜெயிக்கற மாதிரி இருக்கு. உள்ள ஏதாவது ஈயம் கீயம் வச்சீங்களா?"

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் தச்சக்கா வாசலைக் காட்டியிருப்பாள். கேட்டது சம்பந்தி. பெண் வாழ்கிற வீடு. பல்லைக் கடித்துக்கொண்டு, "வச்சுட்டுப் போங்க, பாக்கறேன்" என்றாள்.

அவர் போனதும் வேலையையெல்லாம் ஒதுக்கிவைத்தாள். மேசைமேல் கம்பளத்தை விரித்து, ஒவ்வொரு பகடையையும் முந்நூறு முறை உருட்டினாள். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். தோள்பட்டை விட்டுப்போயிற்று. கடைசியில் எண்ணிப் பார்த்தால், கருங்காலியில் ஆறு நாற்பத்தெட்டு. ஊதாக்கட்டையில் ஐம்பத்து மூன்று. தங்கமான பகடைகள். இவற்றுக்கு ஆறின்மேல் தனிப் பாசம் எதுவும் கிடையாது.

அப்படியானால் அந்த எழுபத்தொன்பது எங்கிருந்து வந்தது? தச்சக்காவுக்கு ஏதோ இடித்தது. சனிக்கிழமை நேரே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினாள்.

மாப்பிள்ளை வீட்டில் பலகை ஏற்கெனவே விரித்திருந்தது. சம்பந்தியம்மாவுக்கு வலப்பக்கம் மாப்பிள்ளை, இடப்பக்கம் ஓட்டுநர் தம்பி, எதிரே மகள். தச்சக்காவைப் பார்த்ததும் மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. சம்பந்தியம்மா மட்டும் மகிழ்ந்துபோய், "பகடையைக் கொண்டுவந்தீங்களா? முதல்ல என் உருட்டைப் பாருங்க" என்று கையை நீட்டினார்.

குலுக்கினார். உருட்டினார். கருங்காலியில் இரண்டு. ஊதாவில் நான்கு.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, கொஞ்சமும் கூசாமல், "ஆறு, அஞ்சு" என்றார்.

தச்சக்காவின் வாய் தானாகத் திறந்தது. அதே நொடியில் மேசைக்கடியில் மகளின் குதிகால் அவள் பாதத்தை நசுக்கியது. திறந்த வாயை இருமலாக மாற்றிக்கொண்டு தண்ணீர் கேட்டாள். மகள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்துவிட்டார்.

"அத்தை, காலைக்கூடப் புடிக்கறேன். சொல்லிடாதீங்க."

"இது எத்தனை நாளா நடக்குது?"

"அஞ்சு வருஷமா."

தச்சக்கா மேடைமேல் சாய்ந்துகொண்டாள்.

"கண்ணு போன புதுசுல அம்மா எதுக்குமே எழுந்து வரமாட்டாங்க" என்றார் மாப்பிள்ளை. ஆள் ஆறடி, குரல் மட்டும் பள்ளிக்கூடத்துப் பையன்போல் ஆகிவிட்டது. "நானும் மாமாவும்தான் கெஞ்சிக் கூத்தாடிப் பலகை முன்னால உக்கார வச்சோம். மூணு ஆட்டம் வரிசையாத் தோத்தாங்க. சாப்பிடாமப் போய்ப் படுத்துட்டாங்க. அடுத்த சனிக்கிழமை ஒண்ணு விழுந்துச்சு, நான் ஆறுன்னு சொன்னேன். அம்மா சிரிச்சாங்க அத்தை. ஆறு மாசத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நிறுத்தத் தெரியல. முன்னெல்லாம் ஆட்டத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் கூட்டிச் சொல்வோம், இந்த ஒரு மாசமாத்தான் கை மீறிப்போச்சு."

"நீயுமாடி?" என்று மகளைப் பார்த்தாள்.

"நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இது ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சும்மா. நடுவுல நான் என்ன பண்ண முடியும்?"

தண்ணீரைக் குடித்ததாகப் பேர் பண்ணிவிட்டு மூன்று பேரும் திரும்பினார்கள். சம்பந்தியம்மா விரல்களால் தன் கப்பல்களைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். "என்ன சம்பந்தி, கண்டுபுடிச்சீங்களா? மரத்துல கோளாறா, இல்லையா?"

ஓட்டுநர் தம்பி கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். தச்சக்கா தன் பகடைகளைப் பார்த்தாள். முந்நூறு முறை உருட்டிச் சோதித்த, ஒரு குற்றமும் செய்யாத பகடைகள்.

"ஆமா சம்பந்தி" என்றாள். வார்த்தை தொண்டையில் முள்ளாகச் சிக்கிச் சிக்கி வந்தது. "மரம் ஒரு பக்கம் வைரம் பாஞ்சிருக்கு. அந்தப் பக்கம் கனம் ஜாஸ்தி. நான்தான் கவனிக்கல."

"நான் சொன்னேன்ல" என்று சம்பந்தியம்மா தம்பியின் பக்கம் திரும்பினார். வெற்றிக் களிப்பு முகத்தில் பளிச்சென்று தெரிந்தது. "அப்ப சரியானதா ரெண்டு செஞ்சு குடுத்துடுங்க. ஓசியில வர்ற ஆறு எனக்கு வேண்டாம்."

தச்சக்கா வீட்டுக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். அவளுடைய கணவர் ரொட்டிக் கடையில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"என் வாயாலயே என் பகடையைக் குறை சொல்லிட்டு வந்திருக்கேன். புதுசா ரெண்டு செஞ்சு குடுத்தாலும் மாப்பிள்ளை அதையும் ஆறுன்னுதான் வாசிப்பாரு. அந்தம்மா மறுபடி வந்து என் மரத்தைத்தான் திட்டுவாங்க. உண்மையைச் சொன்னா அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஆகாமப் போயிடும். நான் எந்தப் பக்கம் போறது?"

அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "அந்தம்மாவே வாசிச்சுட்டா?" என்றார்.

"எப்படி வாசிப்பாங்க?"

"நான் மாவு பதத்தைக் கண்ணாலயா பாக்கறேன்? விரலை வச்சு ஒரு அமுக்கு. அது சொல்லிடும்."

தச்சக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. பத்து வருடமாக விரலுக்குத் தெரியாமல் புள்ளி வைக்கப் பாடுபட்டவளுக்குத் தோன்றாதது, தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மனுஷனுக்குத் தோன்றிவிட்டதே.

திங்கட்கிழமை வேலையை ஆரம்பித்தாள். குழிகளை அடைக்காமல் விட்டால் தீர்ந்தது என்று நினைத்து மாங்கட்டையில் ஒன்று செய்தாள். உருட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், விரல் பட்டதுமே பகடை புரண்டுவிட்டது. மூன்று விழுந்த இடத்தில் ஐந்து வந்து உட்கார்ந்தது. சம்பந்தியம்மா இதைத் தொட்டால் வீட்டில் சண்டைதான்.

அடுத்து, குழிக்குப் பதில் பித்தளை ஆணித் தலைகளை மேடாக அடித்துப் பார்த்தாள். விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் பகடை உருளாமல் கால் இடறியவன்போல் தடுக்கித் தடுக்கி ஓடி, ஆணி அதிகமுள்ள ஆறாம் பக்கம் கீழேயே போய், ஆறை மேலே காட்டவே மாட்டேன் என்றது. அதைத் தூக்கிப் பெட்டியில் போட்டாள்.

புதன்கிழமை, பெட்டியின் அடியிலிருந்து ஒரு கருங்காலித் துண்டை எடுத்தாள். பழைய கைத்தடி ஒன்றின் பிடி. தண்ணீரில் போட்டால் கல்போல மூழ்கும். நல்ல வேலை வரட்டும் என்று நாலு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அதில் வழக்கத்தைவிடப் பெரிதாக, எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு பகடையை அறுத்தாள். கனம் இருந்தால் விரலுக்கு அசையாது. ஜோடிக்கு இன்னொன்று மேசைக்கால் தேக்கில், அதே அளவில். தேக்கு இலேசு என்பதால் உருட்டுவதற்கு ஒரு தட்டும் செய்து, அதன் அடியில் முரட்டுக் கம்பளித் துணியை ஒட்டினாள். விழுந்த பகடையைக் கம்பளி கவ்விப் பிடித்துக்கொண்டது.

குழிகளில்தான் சூட்சுமம் இருந்தது. ஆறு குழி தோண்டிய பக்கம் இலேசாகிவிடும். ஒரு குழி தோண்டிய பக்கம் கனமாக நின்றுவிடும். அதனால் ஒன்றுக்கு ஒரே குழியைப் பெரிதாக, ஆழமாகத் தோண்டினாள். ஆறுக்கு ஆறு சின்னக் குழிகளை மேலோட்டமாகத் தோண்டினாள். ஒவ்வொரு பக்கத்திலிருந்து வந்த தூளையும் தனித்தனியாகக் காகிதத்தில் பிடித்து, மருந்துக் கடையில் இரவல் வாங்கிய தராசில் வைத்துப் பார்த்தாள். எதிரெதிர்ப் பக்கத்துத் தூள் சமமாக வரும்வரை விடவில்லை. இதில் வேறொரு நன்மையும் கிடைத்தது. ஒன்றின் குழியில் விரல்நுனி அப்படியே பதிந்து உட்கார்ந்தது. அதை வேறு எதுவாகவும் நினைக்க வழியில்லை.

கணவரைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டி உட்காரவைத்தாள். இருபது உருட்டில் இருபதும் சரியாகச் சொன்னார். "இதுல நான் தேறிட்டேன்னா எனக்கு என்ன தருவே?" என்று கேட்டதற்கு, கண்கட்டை அவிழ்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகச் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம். பலகை, கப்பல்கள், அதே நாற்காலிகள். தச்சக்கா கம்பளித் தட்டை மேசை நடுவில் வைத்தாள்.

"சம்பந்தி, இதை இனிமே நீங்களே வாசிக்கலாம். யாரும் எட்டிப் பாக்க வேண்டாம்."

சம்பந்தியம்மா இரண்டு பகடைகளையும் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பித் தடவினார். அந்த ஒற்றைப் பெரிய குழியில் ஆள்காட்டி விரலை வைத்து எடுத்தார். முகத்தில் ஏதோ விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது. மாப்பிள்ளை மட்டும் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்போல் வியர்த்துக்கொண்டிருந்தார்.

முதல் உருட்டு. மெல்லத் தட்டுக்குள் கைவிட்டுத் தொட்டார். "மூணு. ஒண்ணு." மற்றவர்கள் பார்த்தார்கள். மூன்றும் ஒன்றும்தான்.

இரண்டாவது உருட்டு, "ரெண்டு. அஞ்சு." மூன்றாவது, "நாலு. ஒண்ணு." ஆறு வரவில்லை. ஏழு உருட்டுவரை வரவில்லை. மற்ற மூன்று பேரின் கப்பல்களும் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்க, சம்பந்தியம்மாவின் கப்பல்கள் கரையிலேயே நின்றன. எட்டாவது உருட்டில் ஒரு ஆறு வந்தது. அதைத் தொட்டதும் அவர் விரலை எடுக்க மனசில்லாமல் அங்கேயே வைத்திருந்தார். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆட்டத்தில் கடைசியாக வந்தார். அதுவும் படுதோல்வி.

சம்பந்தியம்மா இரண்டு கைகளையும் மேசைமேல் கோத்து வைத்துக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. எதையோ திரும்பப் படிப்பதுபோல இருந்தது.

"தம்பி" என்றார் கடைசியில். "போன மாசம் நீ உருட்டினது நூறு. அதே ரெண்டு பகடை. உனக்கு ஆறு விழுந்தது முப்பத்தொண்ணு."

ஓட்டுநர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"மருமகளுக்குத் தொண்ணூத்தெட்டு உருட்டுல முப்பத்தஞ்சு. ஒரு பக்கம் வைரம் பாஞ்ச மரம்னா அது ஆளைப் பாத்தா விழும்? என் கைல மட்டும் ஏன் எழுபத்தொம்பது?" அவர் வலப்பக்கம் திரும்பினார். "ஏழாம் தேதி, ரெண்டாவது ஆட்டம். என் உருட்டு. கட்டை விழுந்து முடிக்கல, சத்தம்கூட நிக்கல, நீ ஆறு ஆறுன்னு சொன்னே. நான் சந்தோஷத்துல அதைக் கவனிக்கல. இப்பக் காதுல கேக்குது."

மாப்பிள்ளைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அம்மா, நான்தான்" என்று ஆரம்பித்து ஐந்து வருடத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஓட்டுநர், "நானும்தான் அக்கா" என்றார். மகள், "அத்தை, நானும்" என்றாள்.

சம்பந்தியம்மா எழுந்தார். நாற்காலி முதுகைத் தொட்டு, சுவரைத் தொட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தப் பத்து நிமிடம் தச்சக்காவுக்கு ஒரு யுகமாக இருந்தது. எல்லாம் தன்னால் வந்த வினை, பகடையை அதன் பாட்டுக்கு வழவழவென்றே விட்டிருக்கலாம் என்று நொந்துகொண்டாள். மாப்பிள்ளை இரண்டுமுறை கதவுவரை போய்த் தட்டாமல் திரும்பினார்.

கதவு திறந்தது. சம்பந்தியம்மா முகம் கழுவியிருந்தார். பழையபடி வந்து உட்கார்ந்தார்.

"எனக்குக் கண்ணுதான் போச்சு" என்றார். "தோக்கத் தெரியாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது? அன்னைக்குச் சாப்பிடாமப் படுத்தேன்னா, படுத்துட்டுப் போறேன். மறுநாள் எழுந்திருக்க மாட்டேனா?"

அவர் தச்சக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்களும் பொய் சொன்னீங்க சம்பந்தி. அதுவும் உங்க பகடை மேலயே பழியைப் போட்டு."

"ஆமா சம்பந்தி. அதுக்கப்புறம் ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல."

"எத்தனை தடவை உருட்டிப் பாத்தீங்க?"

"முந்நூறு முந்நூறு. கருங்காலில நாப்பத்தெட்டு, ஊதாவுல அம்பத்து மூணு. கோடெல்லாம் இன்னும் சுவத்துல அப்படியே இருக்கு."

சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "ரொம்ப நல்ல பகடை" என்றார். சொல்லும்போதே வாயோரம் துடித்தது; பிறகு அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். "அந்த நல்ல பகடையைப் போய் ஈயம் வச்சதுன்னு சொல்லிட்டேனே, என்னைத் திட்டியிருக்கக் கூடாதா நீங்க?"

தச்சக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சம்பந்தியம்மா சும்மா விடுகிற ஆளில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து மருமகளிடம் கொடுத்தார்.

"உன் வீட்டுக்காரன் கண்ணைக் கட்டு. நல்லா இறுக்கி. இன்னையிலிருந்து ஒரு மாசம் இவன் இப்படித்தான் ஆடணும். இவன் பகடையை நான் வாசிப்பேன்."

கட்டினார்கள். மாப்பிள்ளை மறுபேச்சுப் பேசாமல் தலையைக் கொடுத்தார். பகடையைக் கையில் வைத்தார்கள். உருட்டினார். கருங்காலியில் ஆறு. தேக்கில் ஆறு. அப்படி ஓர் உருட்டு ஒரு சனிக்கிழமைக்கு ஒருமுறை வந்தால் பெரிது.

சம்பந்தியம்மா கைவிட்டுத் தடவினார். ஆற அமர ஒவ்வொரு குழியாகத் தடவினார். "ரெண்டு. ஒண்ணு" என்றார்.

ஓட்டுநர் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் மேசை விளிம்பில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கினாள்.

"நிஜமாவாம்மா?" என்றார் மாப்பிள்ளை, துண்டுக்குள்ளிருந்து.

"பின்ன நான் பொய்யா சொல்றேன்? வேணும்னா உங்க அத்தையைக் கேளு."

"அத்தை?"

தச்சக்கா தட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு குழிகளும் அவளைப் பார்த்தன. "ரெண்டும் ஒண்ணும்தான் மாப்பிள்ளை" என்றாள். இந்தப் பொய் தொண்டையில் சிக்கவேயில்லை.

ஒரு மாதம் என்று சொன்ன தண்டனை இரண்டாவது வாரமே ரத்தாகிவிட்டது. பிள்ளை இப்படித் தோற்றுக்கொண்டே இருந்தால் ஆட்டத்தில் சுவாரசியம் இல்லை என்று சம்பந்தியம்மாவே துண்டை அவிழ்க்கச் சொன்னார். அவர் ஆட்டமும் மாறிவிட்டது. ஆறு தானாக வந்து விழுந்த நாட்களில் கப்பலை எடுத்தோம் வைத்தோம் என்று ஓட்டியவர், இப்போது ஒவ்வொரு துளைக்கும் யோசித்தார். அடுத்தவர் வழியில் கப்பலைக் குறுக்கே நிறுத்தி மறித்தார். நாலாவது சனிக்கிழமை, நாலே நாலு ஆறுகளை வைத்துக்கொண்டு முதலாவதாகத் துறைமுகம் சேர்ந்தார். அன்று மூன்று தெரு தாண்டி இருந்த தச்சக்காவுக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. ஆட்டம் முழுவதையும் உருட்டு உருட்டாக ஒப்பித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

விஷயம் மெல்லப் பரவியது. பார்வையற்றோர் நூலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண் ஒரு நாள் பட்டறைக்கு வந்தாள். அவளும் நண்பர்களும் ஆடுவது டிராகனும் மந்திரவாதியும் வருகிற கதையாட்டம். அதற்கு இருபது பக்கமுள்ள பகடை வேண்டும், பிரெய்ல் எழுத்தில் எண்கள் வேண்டும் என்றாள். தச்சக்காவுக்குத் தலை சுற்றியது. ஆறு பக்கத்துக்கே தூளைப் பிடித்துத் தராசில் வைத்தவள், இருபது பக்கத்துக்கு எங்கே போவாள்? ஆனாலும் முடியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. சம்பந்தியம்மாதான் முன்வந்தார். ஐந்து வருடமாக, "இந்த வயசுல எனக்கு எதுக்கு" என்று பிரெய்ல் பக்கமே எட்டிப்பார்க்காதவர், நூலகத்துப் பெண்ணிடம் வாரம் மூன்று நாள் பாடம் கேட்க ஆரம்பித்தார். "சுருக்கெழுத்தையே கரைச்சுக் குடிச்சவ நான். இந்தப் பொட்டு என்னை என்ன பண்ணிடும்?" என்றார். இரண்டே மாதத்தில் எண்களெல்லாம் விரலில் வந்துவிட்டன.

நேற்று காலைகூட முக்காலியில் உட்கார்ந்து, வரிக்குதிரைக் கட்டையில் செய்த நாலாவது மாதிரியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"இதுவும் தேறாது சம்பந்தி."

"ஏன், இதுக்கு என்ன குறை?"

"நாலைத் தலைகீழாத் தொட்டா எட்டாகுது. ஆறைத் தலைகீழாத் தொட்டா பூஜ்யமாகுது. புத்தகத்துல மேல எது கீழ எதுன்னு தெரியும். உருண்டு கிடக்கறதுல எனக்கு எப்படித் தெரியும்?"

தச்சக்கா நெற்றியில் கைவைத்து யோசித்தாள். "எண்ணுக்குக் கீழ ஒரு கோடு கீறிட்டா?"

"கோடு கால் பக்கம்னு வச்சுக்கலாம். சரிதான். ஆனா மெல்லிசா கீறுங்க, உங்க கை ரொம்ப முரடு."

"என் கையா முரடு? இந்தத் தெருவுல இந்தக் கையைப் பத்தி அப்படி யாரும் சொன்னதில்ல."

"அவங்கெல்லாம் கண்ணால பாத்துட்டுப் போறவங்க. என்கிட்ட அது நடக்காது."

வாசலில் ஓட்டுநர் தம்பி ஸ்கூட்டரில் வந்து ஹாரன் அடித்தார். சாப்பாட்டு நேரமாகிவிட்டது, கிளம்பலாம் என்று அர்த்தம்.

"கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க" என்றார் சம்பந்தியம்மா, பகடையை நீட்டியபடி. "நாலுக்கும் ஆறுக்கும் மட்டும் கீறிக் குடுங்க. பாத்துட்டே போயிடறேன்."

தச்சக்கா சின்ன அரத்தைத் தேடி எடுத்து, முனையை ஊதிவிட்டு, பகடையை இடுக்கியில் பொருத்தினாள்.